கூரைக் கரிக்குக் காரணம் நாங்கள்

டென்மார்க்கின் கோல்டிங் நகரத்திலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் ஒரு சின்னப் பட்டினத்தில் அந்தத் தேவாலயம் இருக்கிறது. சிவப்புச் செங்கல், கூர்நுனி வளைவுகள் கொண்ட பழைய கோதிக் கட்டடம். ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் தமிழ்ச் சபை அங்கே கூடும். என் மகள் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றாள். என் கணவரின் சவப்பெட்டியையும் அங்கிருந்துதான் தூக்கினோம்.

அதன் வளைகூரை முழுவதும் ஓவியங்கள். ஒரு காலத்தில் அவற்றைச் சுண்ணாம்பு பூசி மறைத்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயிலைப் புதுப்பித்தவர்கள் அந்தச் சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்து, மங்கிப்போன இடங்களில் தாங்களே வரைந்தும் விட்டார்கள். குளிருக்கு ஒரு பெரிய நிலக்கரி அடுப்பையும் வைத்தார்கள். அந்தப் புதுப்பித்தலைப் பற்றி ஊரில் இன்றும் பெருமையாகப் பேசுவார்கள்.

ஒரு நாள் கோயில் நிர்வாகக் குழுத் தலைவி என்னைக் கூப்பிட்டார். அவர் டேனிஷ்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியை. சபைக்காக டேனிஷில் பேசுகிறவள் நான்தான்.

“ஓவியங்கள் கறுத்துவிட்டன. உங்கள் மெழுகுதிரிகள்தான் காரணம் என்று நினைக்கிறோம்” என்றார்.

“நீங்களும் கொளுத்துகிறீர்கள்தானே?”

“நாங்கள் ஒன்றிரண்டுதான் கொளுத்துவோம்.”

நாங்கள் நிறையக் கொளுத்தியது உண்மை. யுத்தத்தில் செத்தவர்களுக்காக வருடத்தில் ஒரு நாள் ஒவ்வொரு வீட்டாரும் திரி ஏற்றுவோம். அந்த ஒரு நாளைக்காக எங்களை வெளியே போகச் சொன்னார்கள்.

எங்கள் சபையை நடத்தும் மூப்பரிடம் சொன்னேன். “சண்டைக்குப் போகாதேங்கோ தங்கச்சி. இவ்வளவு காலம் இடம் தந்ததே அவையளின்ரை பெரிய மனசு” என்றார்.

“அப்ப நாங்கள்தான் கரியாக்கினதெண்டு ஒத்துக்கொள்ளுறதோ?”

“ஒத்துக்கொள்ள வேண்டாம். பேசாமல் வெளிக்கிடுவம்.”

பேசாமல் வெளிக்கிட்டோம். பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில், வியர்வை நாற்றத்துக்கு நடுவே ஜெபித்தோம். இளம் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டன. பாட்டுக்குழுவில் கடைசியில் நாலைந்து கிழங்கள்தான் மிஞ்சினோம்.

பிறகு ஓவியங்களைச் சுத்தம் செய்யக் கோப்பன்ஹேகனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பொதுமக்கள் பார்க்க ஒரு நாள் திறந்துவிட்டபோது நானும் போனேன். வேலைக்காகக் கட்டிய சாரத்தின் கீழே நின்று அந்த வேலைக்குப் பொறுப்பான பெண் விளக்கிக்கொண்டிருந்தார். அது நிலக்கரிப் புகை. புதுப்பித்தபோது வைத்த அடுப்பிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு, நூறு வருடங்களுக்கு முன் மறுபடி பூசிய மெல்லிய வர்ணத்துக்கு அடியிலேயே படிந்து கிடக்கிறது என்றார்.

“மெழுகுதிரிப் புகை இல்லையா?” என்று கேட்டேன்.

“இல்லை. இது உங்களுக்கும் எனக்கும் முந்தியது” என்று சிரித்தார்.

தலைவி பக்கத்திலேயே நின்றார். கோப்பி மேசையில் அவரிடம் போனேன். “கேட்டீர்களா?”

“கேட்டேன். மிகவும் சுவாரசியம்.”

“அப்படியானால் நாங்கள் திரும்பி வரலாமா?”

“ஞாயிறு பின்னேரங்களைக் கச்சேரிகளுக்குக் கொடுத்துவிட்டோமே” என்றவர், கேக் தட்டை என் பக்கம் நகர்த்தினார். மன்னிப்பு என்ற சொல் அவருடைய வாயில் வரவில்லை. கேட்க வேண்டியது ஏதாவது இருக்கிறது என்று அவர் நினைத்ததாகவும் தெரியவில்லை.

அன்றிரவு மகளிடம் சொன்னேன். “அது வெறும் கட்டடம்தானே, அம்மா” என்று டேனிஷில் சொல்லிவிட்டுத் தொலைபேசியைப் பார்த்தாள். மூப்பருக்கு போன் எடுத்தேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“இனி அதைக் கிளறி என்ன பிரயோசனம்? அவையள் நல்ல சனம், தங்கச்சி.”

தலைவி மேல் எனக்கு வந்தது கோபம். அது சில மாதங்களில் ஆறிவிட்டது. மூப்பர் சொன்னதுதான் இன்னும் ஆறவில்லை. நாங்கள் குற்றம் செய்யவில்லை என்று தெரிந்த பிறகும், குற்றவாளிகளாகவே இருந்துகொள்வது அவருக்குச் சுகமாக இருந்தது.

சபைக்குப் போவதை விட்டுவிட்டேன். ஞாயிறு பின்னேரங்களில் முதியோர் இல்லத்தில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் காணவில்லை என்று மூப்பர் கடையில் கண்டு கேட்டார்.

“வேலை, அண்ணை” என்றேன்.

“ஓம், ஓம், வேலைதானே முக்கியம்” என்றார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.