கட்டிலிலிருந்து நாற்காலிக்கு

ஐம்பது வயதுக்கு மேல் ஜிம்மில் சேர்ந்தேன். வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோய் மாதங்கள் ஆகியிருந்தன. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டியவர், ஆள் வாட்டசாட்டமாக இருப்பார். அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவும் பாத்ரூமுக்குக் கொண்டுபோகவும் தினமும் பக்கத்து வீட்டு ஆண்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவர்கள் முகம் சுளிக்கவில்லை. இவர்தான் ஒவ்வொரு முறையும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். பார்க்க வந்த கொழுந்தன், இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் ஒன்று வடமதுரைப் பக்கம் இருக்கிறது என்று பேச்செடுத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. இனிமேல் இவரை நானே தூக்குவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் பெண்களுக்கென்று தனி நேரம் வைத்து ஜிம் நடத்தினார்கள். சேலையோடு போய் நின்றேன். சொல்லித்தருகிறவள் ஒரு காலத்தில் கபடி ஆடிய பெண். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைக் காட்டினாள். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தொடை என்று போட்டிருந்தது. எனக்குக் கறிக்கடையில் நிற்பது போல இருந்தது. அதெல்லாம் பசங்களுக்கு, லேடீஸுக்கு வயிறு குறைக்கத்தான் என்று சொல்லி ட்ரெட்மில்லில் ஏற்றிவிட்டாள். நடந்தேன், நடந்தேன், அந்த நடைக்குப் பழனிக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். ஒரு வாரத்தில் பொறுமை போய்விட்டது.

“வயிறு கெடக்கட்டும்மா. எங்க வீட்டுக்காரரத் தூக்கணும். அதுக்கு என்ன செய்யணுமோ அத மட்டும் சொல்லு.”

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என்னை உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

பிறகு அவள் எனக்கென்று எடுத்துக்கொடுத்தது கொஞ்சம்தான். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தரையில் கிடக்கும் கம்பியை இடுப்புவரை தூக்குவது, இரண்டு கையிலும் எடையைப் பிடித்துக்கொண்டு நடப்பது. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். முதுகு வளையக் கூடாது, முழங்காலை மடக்க வேண்டும், தூக்கும் எடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். இருக்கிற எடை லேசாகத் தெரிந்தபிறகுதான் கூட்ட வேண்டும். முட்டை, மீன், பயறு என்று நன்றாகச் சாப்பிடாவிட்டால் எத்தனை தூக்கினாலும் வீண் என்றாள். வீட்டுக்கு வந்து ஒன்றுவிடாமல் அவரிடம் ஒப்பித்தேன். லோடு, எடை என்று பேசினால் லாரிக்காரருக்குக் கேட்கவா வேண்டும்? படுக்கையில் விழுந்தபிறகு அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தார்.

எங்கள் வீட்டில் அவர் சாப்பிட்ட தட்டில்தான் நான் சாப்பிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் பழக்கம். இந்தக் காலத்துப் பெண்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும், எனக்கு அது பிடித்திருந்தது. இடது கையால் மெதுவாகச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளுவார். முட்டை அப்படியே இருக்கும், இல்லையென்றால் மீன் துண்டு இருக்கும். சோறும் பாதி மிஞ்சியிருக்கும். வயிறு நிறைந்துவிட்டது என்பார். அசையாமல் கிடக்கிறவருக்கு எங்கே பசிக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டு நான் சாப்பிட்டேன்.

சில மாதங்களில் ஒருநாள் காலை அவரை ஒண்டியாகத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தேன். இரண்டு பேரும் அழுதோம். அதன்பிறகு பக்கத்து வீட்டில் யாரையும் கூப்பிடவில்லை. வாரத்துக்கு வாரம் இன்னும் சுலபமாக வந்தது. பயிற்சி பலிக்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மெலிவது கண்ணில் படாமல் இல்லை. வாதம் வந்த உடம்பு இளைக்கத்தான் செய்யும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் எடை பார்த்த நர்ஸ் பழைய சீட்டைப் புரட்டிவிட்டு மறுபடியும் எடை பார்த்தாள். வீட்டில் சோறு போடுகிறீர்களா இல்லையா என்று டாக்டர் என்னைக் கேட்டார். அத்தனை பேர் முன்னால் கூனிக்குறுகிப் போனேன். வீட்டுக்கு வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். வேளாவேளைக்குப் பொங்கிப் போட்டேனே, ஏன் சாப்பிடவில்லை என்று கத்தினேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு குழறிக் குழறிச் சொன்னார்.

“வண்டி சின்னது புள்ள. லோடக் கொறச்சாத்தான இழுக்கும்.”

அத்தனை நாளும் தட்டில் மிஞ்சிய முட்டைக்கு அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. என்னைத் தின்ன வைத்துவிட்டு அவர் பட்டினி கிடந்திருக்கிறார். அன்றிலிருந்து எனக்குத் தனித்தட்டு வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு ஊட்டினேன். சுருங்கிப்போன வயிறு இரண்டு வாய்க்கு மேல் ஏற்கவில்லை. மார்கழிப் பனியில் சளி நெஞ்சில் கட்டியது. அதைத் தாங்கும் தெம்பு அந்த உடம்பில் இல்லை.

கட்டிலிலிருந்து அவரை இறக்க நான்கு ஆண்கள் வந்தார்கள். அவர்களை விலகச் சொன்னேன். முழங்காலை மடக்கி, நெஞ்சோடு சேர்த்து அணைத்துத் தூக்கினேன். எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை. இந்தப் பொம்பளைக்கு என்ன தெம்பு பாரு என்று பின்னால் யாரோ சொன்னார்கள். கீழே வைக்க மனம் வராமல் அப்படியே நின்றேன். கொஞ்சமாவது கனத்திருக்கக் கூடாதா, பாவி மனுசா என்று அவர் காதோரம் சொன்னேன்.