ஒரு முழத்துக்குள் யோகன்

“…அப்ப நானும் வள்ளமும் சேர்ந்து உன்ட பெட்டிக்குள்ள வரமாட்டம் எண்டு சொல்றாய். அதத்தானே இவ்வளவு நேரமும் சுத்திச் சுத்திச் சொல்றாய்?”

போன ஞாயிற்றுக்கிழமை வாகரைப் பக்கம் போகும் பஸ்ஸில் இருந்தேன். மாங்கேணி கழிந்ததும் எங்கேயோ ஒருவர் வள்ளத்துக்குப் பைபர் ஒட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ரெசின் பசையின் வாசம் யன்னலால் ஏறி மூக்குக்குள் குத்தியது. பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்தினார். நான் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் யோகன் சொன்ன இந்த வார்த்தை, சொன்ன குரலோடேயே காதுக்குள் வந்தது. அவன் என்னிடம் நேரில் சொன்ன கடைசி வசனம் அது. அதுக்குப் பிறகு சிரிப்பும் கையசைப்பும்தான்.

யார் யோகன், என்ன பெட்டி என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கொஞ்சம் சுத்திச் சுத்தித்தான் வரும், அவன் சொன்ன மாதிரி.

நான் செங்கலடிச் சந்தியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவன். வில்லையைத் தேய்த்துச் சட்டத்துக்குள் இருத்துகிற வேலை. யாரும் படிப்பித்துத் தரவில்லை. உடைத்து உடைத்துப் பழகினேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்தது வில்லை இல்லை, சனங்களின் பேச்சு. கண் தெரியவில்லை என்று ஒருவரும் வெறுமனே சொல்ல மாட்டார்கள். “தம்பி, எழுத்தெல்லாம் எறும்பாட்டம் ஊருது” என்பார் ஒரு ஐயா. “வட்டைக்குள்ள நிக்கிறது மாடா மனிசனா எண்டு கிட்டப் போய்க் கேட்டாத்தான் தெரியும்” என்றார் வயல்காரப் போடியார் ஒருவர். கேட்டால் மாடு பதில் சொல்லுமா என்று நானும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

யோகன் வந்தது அப்படி ஒரு நாள். தலைமயிரிலும் புருவத்திலும் வெள்ளைத் தூள். மா அரைக்கிற ஆலையில் இருந்து வருகிறானோ என்று நினைத்தேன். அது வள்ளம் தேய்க்கும்போது பறக்கிற பைபர் தூள். மாங்கேணியில் வள்ளம் செய்கிறவன், உடைந்ததை ஒட்டுகிறவன். கதிரையில் குந்தியதும் சொன்னான்: “மச்சான், தூரத்தில தோணி வாறது தெரியிது, ஆர்ர தோணி எண்டும் தெரியிது. கையில இரிக்கிற பிரஷ்தான் தெரியல்ல. கிட்ட உள்ளதெல்லாம் கலங்குது.”

முதல் நாளே மச்சான். எனக்கு அது புதிது. கலியாணம் முடிக்காமல், கடைக்குப் பின்னால் ஒரு அறையில் தனியே இருக்கிறவனை ஊரில் ‘கண்ணாடிக்காரத் தம்பி’ என்பார்கள். நாற்பத்தைந்து வயதிலும் தம்பி. அவனுக்குக் கிட்டப் பார்க்கிற கண்ணாடி ஒன்று செய்து கொடுத்தேன். அதைப் போட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு அசிங்கமாவா இரிக்கு?” என்று கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு நான் அறிய அவன் அதைப் போட்டது ஒரே ஒரு தரம்.

அடுத்த ஞாயிறு மாங்கேணிக்கு வரச் சொன்னான். போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். கடலைப் பார்த்த பூவரசுக்குக் கீழே அவன் வேலை செய்கிற இடம். அவன் மனைவி மலர் நண்டுக் குழம்பு வைத்துவிட்டு, “அண்ணன், சோறு ஆறுது” என்று பின் கதவால் கூப்பிடுவாள். இரண்டு பெண் பிள்ளைகள். அவர்கள் என்னைப் பெரியப்பா என்றார்கள். என் கிழமையில் அது ஒன்றுதான் நாள். மற்ற ஆறும் அதுக்குப் போகிற வழி.

பெட்டிக்கு வருகிறேன். எங்கள் கடைக்குப் பக்கத்தில் இருந்த, படம் பிடிக்கிற கடையை மூடியபோது, மூலையில் கிடந்த பெரிய மரக் கமராவை முதலாளி, “எடுத்திட்டுப் போ, இல்லாட்டி விறகு” என்றார். துருத்தி வைத்தது. தலையில் கறுப்புத் துணியைப் போட்டு, பின்னாலுள்ள மங்கல் கண்ணாடியில் உலகத்தைத் தலைகீழாகப் பார்க்கிறது. துருத்தி நல்லாயிருந்தது. வில்லை மட்டும் ஆத்தங்கரை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, தேங்காய்ப் பூ தூவினது போல இருந்தது. கூடவே படக் கடதாசிப் பொதி ஒன்று. அதற்குள் மூன்றே மூன்று தாள், வெளிச்சம் பட்ட இடம் கறுக்கிற தாள்.

வில்லைக்கு எங்கே போவது? அப்போதுதான் ஏறாவூரில் ஒரு கலியாணப் படக்காரர் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை பெண்ணைத் தோணியில் ஏற்றிப் படம் எடுக்கப் போய், தோணி சரிந்து, சுருள் பிலிம் போடுகிற அவருடைய கனமான கமரா ஆத்துக்குள் போய்விட்டது. மாப்பிள்ளையைக் காப்பாற்றப் பாய்ந்தவர்களை விடக் கமராவைக் காப்பாற்றப் பாய்ந்தவர்கள் கூட என்று அவரே சொல்லுவார். கமராவின் உடம்பு செத்துப் போயிற்று. வில்லை தனியே கழன்று வருகிற வகை, அது உயிரோடு இருந்தது. அதைப் பெரிய கமராவில் பூட்டினால் என்ன?

பூட்ட ஒரு பலகை வேண்டும்: கமராவின் முன்பக்கத்தில் சரியாய்க் குந்துகிற சதுரப் பலகை, நடுவில் வில்லைக்கு ஓட்டை. பலகையை யோகனிடம் கேட்டேன்.

“பலகை என்னத்துக்கு? உளுக்கும். பைபரில அடிச்சுத் தாறன்” என்றான்.

அடித்தான். என்னவென்று சொல்ல, அப்படி ஒரு பொருத்தம். மயிரிழை இடைவெளி இல்லை. அதோடு விடவில்லை. வில்லையைப் பூட்டும் முன் அந்த ஓட்டையை அடைத்து, நாலு பக்கமும் களிமண்ணால் வரம்பு கட்டி, தண்ணீர் ஊற்றி, ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்த்தான். வள்ளத்துக்குச் செய்கிற சோதனை. “ஒரு சொட்டு கீழ போனா என்ட பேரை மாத்து” என்றான். போகவில்லை. இரண்டு பேரும் அந்தக் காய்ந்த அடிப்பக்கத்தைத் தடவித் தடவிச் சந்தோசப்பட்டோம்.

வில்லைக்கு மூடி ஒரு தேங்காய்ச் சிரட்டை, உள்ளே கறுப்புத் துணி ஒட்டியது. மூடியைக் கழற்றி எட்டு எண்ணி மூடினால் படம். முதல் தாளில் மலரையும் பிள்ளைகளையும் எடுத்தேன். நான் எட்டு எண்ணும் வரை பிள்ளைகள் அசையாமல் நிற்பது பெரிய காரியம், நின்றார்கள். வலை வைக்கிற அறையின் யன்னலைச் சாக்கால் மூடி, சைக்கிளின் பின் சிவப்பு லைட்டைக் கொளுத்தி வைத்து, மருந்துத் தண்ணியில் தாளைப் போட்டேன். தாள் மெல்ல மெல்லக் கறுத்தது. கறுத்தது, கறுத்தது, முழுக்கக் கறுத்தது. யாரும் இல்லை.

யோகன் பலகையைக் கழற்றி வெயிலுக்குப் பிடித்தான். பழுத்த பப்பாசியை வெயிலில் பிடித்தது போல அது முழுக்க ஒளிர்ந்தது. தண்ணீர் போகாத பொருளுக்குள்ளால் வெளிச்சம் தாராளமாய்ப் போய் வந்திருக்கிறது. நான் மனசுக்குள் எண்ணினேன்: மிச்சம் இரண்டு தாள். அவன் மணலில் விழுந்து சிரித்தான். “டேய், வெளிச்சத்துக்கும் ஓட்டை அடைக்கோணும் எண்டு ஆர்டா சொன்ன? நான் கண்டது தண்ணியத்தானே!” கண்ணாடிக் கடையில் வெளிச்சத்தோடேயே வயிற்றைக் கழுவுகிறவன் நான். எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதை அவன் கேட்கவில்லை. அதுதான் அவன்.

ரெசினில் கறுப்பு மை கலந்து இரண்டு பூச்சுப் பூசுகிறேன், வாற ஞாயிறு வா என்றான்.

அது வள்ளத்து எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கிடைக்காத வருஷம். வள்ளங்கள் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன. கடலுக்குப் போகாத வள்ளம் உடையாது. உடையாத வள்ளத்துக்கு யோகன் தேவையில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அதன் அடுத்த வரியை நான் வாசிக்கவில்லை.

அந்த ஞாயிறு பஸ்ஸால் இறங்கி, தேத்தண்ணிக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்தேன். கடைக்காரர் கேட்டார்: “வழியனுப்ப வந்தீங்களா? அஞ்சு மணி பஸ்ஸாமே யோகனுக்கு.”

“எங்க?”

“என்ன தம்பி, தெரியாதா? மாலைதீவுக்கு. அங்க வள்ளம் கட்டுற வேலை. ரெண்டு வருஷமாம்.”

நான் தெரியும் என்பது போலத் தலையை ஆட்டினேன். தேத்தண்ணியில் பாதியை வைத்துவிட்டு எழும்பினேன். கடையில் இருந்து பூவரசு வரைக்கும் நடக்கிற தூரம் சின்னத் தூரம்தான். அன்றைக்குக் கமரா ஸ்டாண்ட் தோளில் அவ்வளவு பாரமாக இருந்தது.

“ஏன்டா எனக்குச் சொல்லல்ல?”

அவன் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கறுப்பு, பளபளவென்று. “சொன்னா நீ ஒரு கிழமைக்கு மூஞ்சிய நீட்டிக்கிட்டு இருப்பாய். நீட்டின மூஞ்சியோட படம் நல்லா வராது.”

“படம் உன்னைத்தானேடா எடுக்கப்போறன்.”

“ஓம், ஆனா பாத்துக்கொண்டு இரிக்கப்போறது நானில்லையா உன்ட மூஞ்சிய.”

அவனுக்கு ஒரு ஆசை இருந்தது. அவன் கையால் முதல் முதல் கட்டின வள்ளம் கரையில் நின்றது, வெள்ளையும் நீலமும். அதை வாங்கினவர்கள் அடுத்த நாள் வந்து கொண்டுபோகப் போகிறார்கள். அதோடு சேர்ந்து ஒரு படம். எனக்கு வேண்டியது வேறு. அதை நான் வாயால் சொல்லவில்லை. இரண்டு தாள் இருந்தது. வள்ளத்தின் தலையும் வாலும் அடங்கத் தூரப் போய் நின்று ஒன்றை எடுத்தேன். மங்கல் கண்ணாடியில் மூலைகள் இருட்டாய்த்தான் தெரிந்தன. பழைய கண்ணாடி, தலைக்கு மேலே கறுப்புத் துணிக்குப் பதிலாய் மலரின் பழைய போர்வை, கண்ணிலும் கொஞ்சம் ஈரம். அதனால்தான் என்று நினைத்துவிட்டேன்.

கழுவிப் பார்த்தால் நடுவில் மட்டும் ஒரு வட்டம். சுற்றிவரத் தாள் வெறும் வெள்ளை. அதைப் போனில் பிடித்து நிறத்தைத் திருப்பினால் மை மாதிரிக் கறுப்பு. வள்ளத்துக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. நடுவில் விரல் நகமளவுக்கு யோகன்.

“இதென்ன, கிணத்துக்குள்ள இருந்து பாக்கிற மாதிரி?” என்றான்.

காரணம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அந்த வில்லை சின்னப் பிலிமுக்குச் செய்தது. அது போடுகிற வெளிச்ச வட்டம் பெரிய தாளை நிரப்பாது. ரெசின் டின் ஒன்றை வில்லைக்குக் கிட்ட வைத்து, துருத்தியை நீட்டிப் பார்த்தேன். டோர்ச் லைட்டைச் சுவரில் இருந்து பின்னால் இழுக்க இழுக்க வட்டம் பெருக்கிற மாதிரி, வட்டம் விரிந்து விரிந்து மூலைகளை மூடியது. டின்னில் இருந்த எழுத்துக் கூடத் தெளிவாய். ஒரு முழத்துக்குள் இருப்பதை மட்டும் இந்தக் கமரா முழுசாக எடுக்கும். அதை அவனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வட்டத்தைப் பற்றிச் சொன்னேன், துருத்தியைப் பற்றிச் சொன்னேன், டோர்ச்சைப் பற்றிச் சொன்னேன். மிச்சம் ஒரு தாள். நேரம் நாலு கழிந்துவிட்டது.

இப்போது மூன்று வருஷத்துக்கு மேல். இரண்டு வருஷம் என்றது நீண்டுகொண்டு போகிறது. முதலில் ஞாயிறு தோறும் போன் எடுத்தான். பிறகு குரல் பதிவு அனுப்பினான், பின்னால் தேய்க்கிற மெசின் சத்தத்தோடு. இப்போது பெருநாள் தீபாவளிக்கு ஒரு படம், யாரோ செய்த பூப்படம். மலர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கதிரவெளிக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். பூவரசு நிற்கிறது. அதற்குக் கீழே இப்போது யாரோ ஐஸ் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பஸ் அதைத் தாண்டிப் போகும்போது நான் இறங்குவதில்லை. வாகரை வரைக்கும் போய், அதே பஸ்ஸில் கிறுகி வருகிறேன். கண்டக்டர் ஒரு நாள் கேட்டார், “ஐயா ஆரைத் தேடிப் போறீங்க?” என்று. தம்பி ஐயாவாகிவிட்டேன் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

மூன்றாவது தாள் என்னிடம் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. முகம் மட்டும், மூலைக்கு மூலை நிறைந்து. வள்ளம் இல்லை, கடல் இல்லை. போனில் திருப்பிப் பார்ப்பதை விட எனக்குத் தாளை அப்படியே பார்க்கப் பிடிக்கும். அதில் கறுப்பெல்லாம் வெள்ளை. அவன் தலை முழுக்க நரைத்திருக்கும். பைபர் தூளோடு கடைக்கு வந்த முதல் நாள் போலவும் இருக்கும், அங்கே இப்போது எப்படி ஆகியிருப்பானோ அப்படியும் இருக்கும். உற்றுப் பார்த்தால் இரண்டு கண்ணுக்கு முன்னாலும் சின்னதாய்ப் பெட்டி ஒன்று. பெட்டிக்குப் பக்கத்தில் சிரட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு ஆள்.

“அப்ப நானும் வள்ளமும் சேர்ந்து உன்ட பெட்டிக்குள்ள வரமாட்டம் எண்டு சொல்றாய். அதத்தானே இவ்வளவு நேரமும் சுத்திச் சுத்திச் சொல்றாய்?”

நான் தலையை ஆட்டினேன். அவன் கழுத்தைத் திருப்பி வள்ளத்தை ஒருதரம் பார்த்தான். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டு, நான் செய்து கொடுத்த அந்தக் கண்ணாடியை எடுத்துப் போட்டான். எழும்பவில்லை. இருந்தபடியே பிளாஸ்டிக் கதிரையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து, மணலில் இழுத்து இழுத்து, முழங்கால் கமரா ஸ்டாண்டில் முட்டும் வரைக்கும் கிட்ட வந்தான்.