அடியில் ஓட்டை போட்ட கிண்ணங்கள்

பன்னிரண்டு வருடமாகக் குழந்தைகள் காப்பகத்தில் டம்ளர் கழுவுகிறவளுக்கு விளையாட்டுச் சாமானைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். டப்பாக்காவுக்குத் தெரியும். அழுகிற பிள்ளையிடம் காலி டப்பாக்களைக் கொடுத்துச் சிரிக்க வைத்ததால் வந்த பெயர் அது. நடை பழகும் பிள்ளைகளின் அறையைத் தன் பொறுப்பில் எடுக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அந்த அறையைப் பார்த்துக்கொண்டவள் வேலையை விட்டதும், போய்க் கேட்டே விட்டாள்.

காப்பகத்தை நடத்தும் மேடம் லேசில் பிடி கொடுக்கவில்லை. ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற, ஒன்றன் மேல் ஒன்று அடுக்குகிற கிண்ணங்களில் ஒரு செட்டைத் தானே வாங்கிவிட்டதாகவும், இன்னொன்றை அவள் பார்த்து வாங்கி வரட்டும் என்றும் சொன்னார். சரியாக வந்தால் அறை அவளுக்கு. வராவிட்டால் பழையபடி பாத்திரத் தொட்டிதான்.

கடையில் டப்பாக்கா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக முகர்ந்தாள். விளிம்பைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். கையோடு கொண்டுபோன அட்டைக் குழாய்க்குள் ஆகச் சிறிய கிண்ணத்தைத் தள்ளிப் பார்த்தாள். அதில் நுழைகிற சாமான் பிள்ளையின் தொண்டையிலும் நுழையும். கடைசியில் கிண்ணங்களைக் குழாயடிக்குக் கொண்டுபோய் நனைத்தாள்.

"வாங்குறதுக்கு முன்னாடியே குளிப்பாட்டுறீங்களேக்கா" என்றார் கடைக்காரர்.

அவளா அசருவாள்? ஈர டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டால் காற்றுப் போக வழியில்லாமல் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்ளும். அதைத் தொட்டியடியில் அவள் எத்தனை முறை பார்த்திருக்கிறாள்! படம் போட்ட பளபள செட்டுகள் எல்லாம் அப்படியே ஒட்டிக்கொண்டன. மூலையில் தூசி படிந்து கிடந்த சாதா செட்டுக்கு மட்டும் அடியில் ஓட்டைகள் இருந்தன. அது தொட்டதும் கழன்றது.

மேடம் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "காசு குடுத்து ஓட்டைய வாங்கிட்டு வந்திருக்கீங்களேக்கா."

பக்கத்தில் நின்ற காப்பகத்துச் சமையற்காரர் சிரித்துவிட்டார். அவளுக்கு முகம் சுண்டிப்போனது. இப்போது காரணம் சொன்னால் சாக்குச் சொல்வதாகத்தான் நினைப்பார்கள் என்று தோன்றியது. "நாளைக்குப் பிள்ளைங்களே சொல்லட்டும் மேடம்" என்றாள்.

மறுநாள் காலை மேடமே இரண்டு செட்டையும் கழுவி, ஈரத்தோடு அடுக்கி, பாயில் வைத்தார். தளபதி என்று எல்லோரும் கூப்பிடும் ஒன்றரை வயசுக்காரன் நேராக மேடம் வாங்கிய பளபள செட்டைப் பிடித்தான். இழுத்தான், கடித்தான். கிண்ணங்கள் பிரியவில்லை. அழுது ஊரைக் கூட்டினான். மேடம் வாங்கி முறுக்கினார். நகம் உடைந்ததுதான் மிச்சம். சமையற்காரரும் முழங்காலில் இடுக்கி இழுத்துவிட்டு, கையை உதறினார்.

அதற்குள் தளபதி ஓட்டைக் கிண்ணங்களை உருவிப் பரப்பியிருந்தான். நாலு கிண்ணம் அடுக்கினான், உதைத்தான், சிரித்தான். டப்பாக்கா ஒரு பேசின் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கிண்ணத்தில் மொண்டு தூக்கினான். ஓட்டை வழியே மழை கொட்டியது. அறையிலிருந்த பிள்ளைகள் எல்லாம் பேசினைச் சுற்றி முண்டியடித்தார்கள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆணியில் தொங்கிய அந்த அறையின் ஏப்ரனை எடுத்து, மேடமே அவள் கழுத்தில் மாட்டிவிட்டார்.

டப்பாக்கா ஒட்டிக்கொண்ட செட்டைத் தொட்டியடிக்கு எடுத்துப் போனாள். கிண்ணங்களுக்கு வெளியே வெந்நீர், உள்ளே பச்சைத் தண்ணீர், ஒரே ஒரு திருகு. ஏழும் தனித்தனியாகக் கழன்றன. அவற்றைக் கொண்டுவந்து சமையற்காரர் கையில் கொடுத்தாள்.

"அரிசி அளக்க வச்சுக்குங்கண்ணே. இதுல ஓட்டை கிடையாது."