ஆட்டின் இதயத்துக்கு ஓர் உறை

டென்மார்க்கில் ஹெர்னிங் ஊர்ப் பக்கத்துக் காலுறை ஆலையில் முப்பது வருஷம் பின்னல் எந்திரத்தோடு மல்லுக்கட்டியவள் டாக்னி. பியெர்கோர் வீட்டு நாலு பெண்களில் கடைசி. மூத்தவள் தோவே ஆட்டுப்பண்ணைக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவர்களுக்கு ஒரே பிள்ளை, அஸ்கர். ஆடு மேய்ப்பான் என்று பார்த்தால், ஓர்ஹுஸ் நகரத்துக்குப் படிக்கப் போய் ஆட்டு இதயத்தை அறுக்கிற டாக்டர் ஆகிவிட்டான். அப்பன் வழிச் சொந்தங்கள் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோவே வீட்டில் காப்பியும் கேக்குமாக உட்கார்ந்திருந்தபோது அஸ்கர் முகம் தொங்கிக் கிடந்தது. விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. மாரடைப்பு வந்தால் இதயத்தில் செத்துப்போன பகுதி பழைய பலூன் மாதிரி மெல்ல உப்பிப் பெருத்துவிடுமாம். உப்பாமல் வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்க ஒரு வலை உறை போட்டால் என்ன என்று ஆடுகளுக்குப் போட்டுப் பார்த்தான். வாங்கிய துணி விறைப்பு. இரண்டு ஆடு பிழைக்கவில்லை. மூன்றாவதும் போனால் ஆராய்ச்சிக்கான அனுமதியை நிறுத்திவிடுவார்கள்.

"இதென்னடா, காலுறை வேலைதானே. நான் பின்னித் தரேன்," என்றாள் டாக்னி.

"இவ பின்னுன காலுறையைக் கழட்ட எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு ஆள் வேணும்," என்றாள் தோவே.

டாக்னி அதைக் காதில் வாங்கவில்லை. கசாப்புக் கடையில் ஓர் ஆட்டு இதயம் வாங்கிவந்து அளவெடுத்து, அஸ்கர் கொடுத்த நூலில் பின்னினாள். நழுவக்கூடாதே என்று கொஞ்சம் இறுக்கமாகவே. கூடவே ஒரு நிபந்தனை: அறுவை சிகிச்சையன்று தானும் இருப்பேன் என்று.

அன்றைக்கு முகமூடியும் தொப்பியுமாக ஓரமாய் நின்றாள். மயக்கத்தில் கிடந்த பெட்டை ஆட்டின் நெஞ்சைத் திறந்து, ஒரு ரத்தக்குழாயைக் கட்டி மாரடைப்பை உண்டாக்கி, உறையை அடியிலிருந்து மேலே ஏற்றி மாட்டினான் அஸ்கர். கச்சிதமாக உட்கார்ந்தது. டாக்னிக்கு மனசு குளிர்ந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஆட்டின் ரத்த அழுத்தம் சரியத் தொடங்கியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடையில் வாங்கியது ரத்தம் வடிந்து சுருங்கின இதயம். உயிரோடு இருப்பது நிரம்பி விரிய இடம் வேண்டாமா?

"கழட்டிடறேன் சித்தி," என்றான் அஸ்கர். கழற்றினால் ஆடு பிழைத்தாலும் பிழைக்கும், ஆனால் அவன் யோசனை அத்தோடு முடிந்தது.

ஆலையில் டாக்னி பயந்ததெல்லாம் ஒன்றுக்குத்தான். பின்னலில் ஒரு கண், அதாவது ஒரே ஒரு நூல் வளையம், அறுந்தால் மேலிருந்து கீழ்வரை பின்னல் அவிழ்ந்து நூல் ஏணி மாதிரி ஓடிவிடும். அந்தக் காலுறை நேரே குப்பைக்கு.

"கழட்டாதே. மேல் விளிம்புல ஒரே ஒரு கண்ணை வெட்டு. நூல் ஓடட்டும்."

"எதுவரைக்கும் ஓடும்?"

"அடி வரைக்கும். அங்க முடிச்சுப் போட்டிருக்கேன், நின்னுடும். வெட்டுடா."

வெட்டினான். நூல் விறுவிறுவென்று ஓடியது. உறை ஒரு விரல் அகலம் நெகிழ்ந்து கொடுத்தது. இதயம் நிரம்பி அடித்தது, அழுத்தம் மெல்ல ஏறியது. மறுநாள் காலை அந்த ஆடு எழுந்து நின்று வைக்கோலை அசைபோட்டது. சில வாரம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தபோது இதயம் அவ்வளவாக உப்பியிருக்கவில்லை. அனுமதியும் நிலைத்தது.

அஸ்கர் போன் செய்து, இன்னும் ஆறு உறை வேண்டும், எல்லாவற்றிலும் நூல் ஓடியிருக்க வேண்டும் என்றான். முப்பது வருஷமும் அதற்காகத் திட்டு வாங்கினவள்டா நான் என்று அலுத்துக்கொண்டே பின்னி முடித்தாள். ஆனால் புத்தம்புதுப் பின்னலில் கத்தரி வைக்க அவளுக்குக் கை வரவில்லை. தோவேயை வரச்சொன்னாள். தோவே வந்து, ஆறையும் ரொம்பச் சந்தோஷமாக வெட்டிக் கொடுத்தாள்.