அத்தா கட்டிவைத்த கை

புரதத்தைக் கட்டிதட்ட வைப்பதுதான் என் பிழைப்பு. நடுக்குவாதம் வந்தவர்களின் மூளையில் ஒரு புரதம் ஒழுங்காகக் கரைந்திருக்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிறது. சென்னையில் எங்கள் ஆய்வகத்தில் அதையே சின்னக் குழாய்களில் செய்து பார்க்கிறோம். உடம்புச் சூட்டில் வைத்து, இயந்திரத்தில் ஏற்றி நாள்கணக்கில் குலுக்க வேண்டும். கட்டி விழுந்தால் உள்ளே கலந்திருக்கும் சாயம் பச்சையாக ஒளிரும். ஒரே கரைசலைப் பிரித்து ஊற்றினாலும் ஒரு குழாய் முந்திக்கொள்ளும், மற்றொன்று சோம்பிக் கிடக்கும். ஏன் என்று கேட்டுக் கேட்டே எனக்கு முடி நரைத்தது.

அந்த நோய் என்னைப் பெற்ற அத்தாவுக்கே வந்தது. ஷார்ஜாவில் பாதி ஆயுள் துணிக்கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, குடவாசலில் சொந்தமாக ஜவுளிக்கடை வைத்தவர். வலது கை நடுங்க ஆரம்பித்ததும் டாக்டரைப் பார்க்கச் சென்னை வந்தார். வந்த இடத்தில் மகளின் குழாய்களையும் பார்த்தே தீருவேன் என்று பிடிவாதம். குலுக்கும் இயந்திரத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"குலுக்காம விட்டா?"

"லேசுல கட்டாது அத்தா."

பெருநாளுக்கு ஊருக்குப் போனால், வலது கையைத் துண்டால் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யவும் தொழவும் மட்டும் அம்மா அவிழ்த்துவிட வேண்டுமாம். கடை பூட்டிக் கிடந்தது. அசைக்காமல் விட்டால் கை விறைத்துப்போகும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீதானம்மா சொன்ன, குலுக்குனாத்தான் கட்டும்னு. இது ஆட ஆட உள்ள கட்டிக்கிட்டே போகுமில்ல?"

கோபம் போன இடம் தெரியவில்லை. மனிதர் தன் கையிலேயே சோதனை நடத்திக்கொண்டிருந்தார்.

"உள்ள கட்டுனதாலதான் கை ஆடுது அத்தா. கை ஆடுறதால கட்டல. குழாயக் குலுக்குறது எங்க அவசரத்துக்கு."

"அப்ப என் தலைக்குள்ள யாரு குலுக்குனா?"

"யாரும் இல்ல. தானா, மெதுவாக் கட்டும். கை நடுங்குறதுக்குப் பல வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்."

அத்தா விட்டத்தைப் பார்த்தார். மனதுக்குள் வருஷங்களைப் பின்னோக்கி எண்ணுகிறார் என்று தெரிந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"அப்ப ஷார்ஜாவுலயே இருந்திருக்கும்," என்றார். "அத வச்சிக்கிட்டுத்தான் துணி வெட்டியிருக்கேன். வீடு எழுப்பியிருக்கேன். உன்னையும் படிக்க வச்சிருக்கேன்."

பிறகு முதுகைத் திருப்பி எனக்கு முடிச்சைக் காட்டினார்.

"அவுத்துவிடும்மா. கடைக்குப் போவணும்."