நசுங்காத எலுமிச்சம்பழம்

எங்கள் ஊரில் யார் புது வண்டி வாங்கினாலும் அது நேராக மலைக்குத்தான் போகும். நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, வண்டியை ஓர் அடி நகர்த்துவார்கள். பழம் நசுங்கினால்தான் கண்ணேறு கழியும். திருத்தணியில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். என் அப்பாவுக்கும் தெரியும்; நைனா என்றுதான் நான் கூப்பிடுவேன். தெரிந்தும், சக்கரத்துப் பழம் நசுங்கவே கூடாது என்று அவர் ஒரு பள்ளியே நடத்தினார். அதற்காக இந்த ஊர் அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நைனா பதினேழு வருடம் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் பனி உறைந்த பாதை. அதில் அரிசி மூட்டையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போய் வந்தவர். ஒருமுறைகூட வண்டியைக் கவிழ்த்ததில்லை. நான் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது பெட்டியும் படுக்கையுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த நாலாம் நாளே சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் கூடி உட்கார்ந்து, அவருடைய மீதி வாழ்க்கையை முடிவு செய்துவிட்டார்கள்.

பள்ளிப்பட்டில் நிலம் வைத்திருந்த பெரியப்பாதான் முதலில் ஆரம்பித்தார். "ஏடிஎம்ல வாட்ச்மேன் வேலக்கி பட்டாளத்துக்காரன்னா ஒடனே எடுத்துக்கறாங்க. மெட்ராஸுக்கு ரயில் இருக்குது. சேர் போட்டு உக்காந்துகினு இருந்தா போதும். ஒனக்கு இன்னா தெரியும் வேற?"

வேறு என்ன தெரியுமாம். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு எப்படி வாய் வந்ததோ. எல்லையில் நின்றுவிட்டு வந்தவன் அடுத்ததாக யாருடைய வாசலிலாவது நிற்க வேண்டும் என்பது இவர்களுக்கு யார் எழுதிக் கொடுத்த விதி? எங்கள் பள்ளித் தாளாளர் மட்டும் என்ன, ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் நைனாவை மேடைக்கு அழைத்துக் கொடியேற்ற வைத்துச் சால்வை போர்த்துவார். அந்தச் சால்வையை மடித்து வைப்பதற்குள் அவரும் அதே ஏடிஎம்மைத்தான் பேசுவார்.

நைனா ஒரு பழைய காரை வாங்கி, சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்தில் இன்னொரு பிரேக் பொருத்தினார். தாலுகா ஆபீஸ் போகும் சாலையில் ஓர் அறையைப் பிடித்து, 'முன்னாள் ராணுவத்தினர் நடத்தும் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி' என்று போர்டு மாட்டினார். அவருக்குக் கீழே வேலை செய்ய ஆள் கிடையாது. முதலாளியும் அவரே, வாத்தியாரும் அவரே.

காலை ஐந்தரைக்கு வகுப்பு. ஐந்து முப்பத்தொன்றுக்கு வந்தால் அன்றைக்குக் கிடையாது. வந்தவனும் உடனே ஸ்டியரிங்கைத் தொட்டுவிட முடியாது. டயரைத் தட்டிப் பார்க்க வேண்டும், ஆயில் பார்க்க வேண்டும், தண்ணீர் பார்க்க வேண்டும், விளக்கெல்லாம் எரிகிறதா என்று பார்க்க வேண்டும், கண்ணாடி துடைக்க வேண்டும். பட்டாளத்தில் அப்படித்தானாம். ஒருவனுடைய அப்பா வந்து வாசலில் நின்று கத்தினார். "காசு குடுத்து ஓட்டக் கத்துக்க அனுப்புனனா, கார் தொடைக்க அனுப்புனனா?" நைனா அவருக்கும் ஒரு துணியைக் கொடுத்து, பின்பக்கக் கண்ணாடி இன்னும் பாக்கி இருக்கிறது என்று காட்டினார். மறுநாளிலிருந்து அந்தப் பையன் வரவில்லை.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டவர்களும் எலுமிச்சம்பழத்தில் வந்து மாட்டிக்கொள்வார்கள். மலைப்பாதையில் ஒரு வளைவைத் தாண்டியதும் மேடு செங்குத்தாக ஏறும். அங்கே காரை நிறுத்தச் சொல்லி, பின்சக்கரத்துக்குப் பின்னால் நாலு விரல் தள்ளி ஒரு பழத்தை வைப்பார். வண்டியைக் கிளப்பி முன்னால் போக வேண்டும். கிளப்பும்போது கார் பின்னால் வந்து பழத்தில் ஏறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. "பழம்னு நெனைக்காதப்பா. பின்னால ஒரு ஆளு நின்னுகினு இருக்கான்னு நெனச்சிக்க," என்பார். ஊர் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தது. அர்ச்சனைக் கடைக்காரர்கூட, "உங்க நைனாவுக்கு நசுங்காத பழமா குடுக்கட்டுமா?" என்று என்னைக் கேலி செய்வார். பிறகு அவரே, பழம் நசுங்காமல் வண்டி எடுப்பது சாமி குத்தம் என்று இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

வீட்டிலும் நைனா பட்டாளத்துக்காரர்தான். வாசலில் யார் என்று கேட்டால் 'யாரோ வந்திருக்காங்க' என்று சொல்லக் கூடாது. 'ரெண்டு பேர், ஒரு சைக்கிள்' என்று நிமிர்ந்து நின்று சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் ரிப்போர்ட். "பாத்தத சொல்லு பாப்பா. கூட்டாத, கொறைக்காத." பனிப்பாதையில் லாரியைப் பின்னால் எடுக்கும்போது ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரியாதாம். வெளியே நிற்கிறவன் வா என்றால் வர வேண்டும், நில் என்றால் நிற்க வேண்டும். அவன்மேல் சந்தேகம் வந்துவிட்டால் வண்டி எடுக்கவே முடியாதாம். எனக்கு அந்த விளையாட்டு ரொம்பப் பிடித்திருந்தது. தெருவில் ஒரு நாய் போனால்கூட ரிப்போர்ட் கொடுத்து சல்யூட் அடிப்பேன்.

இந்த நேரத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு அந்தச் சத்தம் சலித்துவிட்டது. யாரோ ஒரு ஏஜெண்டைப் பிடித்து டிரைவர் லைசென்ஸ் வாங்கியிருந்தார். சட்டைப் பையில் அது இருந்ததே தவிர, வண்டி ஓட்டத்தான் சரியாக வரவில்லை. என் பள்ளி வேனுக்கு ஓட்டுநர் தேவை என்று கேள்விப்பட்டு தாளாளரிடம் போனார். அவர் விவரமான ஆள். "லைசென்ஸ் எல்லார் கையிலயும் இருக்குது. உங்க பாவாகிட்ட ஒரு லெட்டர் வாங்கிகினு வா. அவர் கையெழுத்து போட்டா போதும்," என்று மாமாவை நைனாவிடம் அனுப்பிவிட்டார்.

பாருங்கள், ஊரெல்லாம் சிரித்த அந்தப் பள்ளியின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு இருந்தது என்று. பிள்ளைகளை ஏற்றும் வண்டி என்று வந்தபோது கேலி செய்த வாய்களே அந்தக் கையெழுத்தைத்தான் தேடின. நைனாவிடம் அப்போது வேறு சொத்து எதுவும் இல்லை. அது ஒன்றுதான்.

"ஓட்டிக் காட்டட்டும், குடுக்கறேன்," என்றார் நைனா. மாமா இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓட்டினார். இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் பழம் நசுங்கியது. வீட்டில் அம்மா நைனாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோற்றுத்தட்டை வைக்கிற சத்தத்திலேயே சண்டை நடந்தது. பெரியப்பா வந்து, "சொந்த மச்சானுக்கு ஒரு கையெழுத்து போட மாட்டானாம். பெரிய கலெக்டரு," என்று தெரு கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் நைனாமேல் கோபம். ஏனென்றால் வேலை கிடைத்தால் வேனில் தன் பக்கத்து சீட்டு எனக்குத்தான் என்று மாமா சத்தியம் செய்திருந்தார். அந்த சீட்டில் தாளாளரின் மகள்தான் உட்காருவாள். அவளை எழுப்பிவிட்டு நான் உட்கார வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு உலகத்தில் வேறு ஆசை இல்லை.

மூன்றாவது ஞாயிறு. கோயிலுக்குப் போகலாம் என்று என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். அந்த மேடு வந்ததும் நைனா என்னை இறக்கி, ஓரத்துச் சுவர்மேல் உட்கார வைத்தார். வண்டிக்குப் பின்னால் மட்டும் போகக் கூடாது என்று மூன்று முறை சொன்னார். பழத்தை வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். மாமா வண்டியைக் கிளப்பினார். கார் ஒரு குலுக்குக் குலுக்கிப் பின்னால் வந்தது. பிறகு உறுமிக்கொண்டு முன்னால் போனது.

எப்போதும் நைனாவே இறங்கி வந்து பழத்தைப் பார்ப்பார். அன்றைக்கென்று கீழேயிருந்து கோயில் பஸ் ஒன்று வந்து, வளைவில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. நைனா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"பாப்பா, ரிப்போர்ட்."

பழம் தார்ச்சாலையோடு ஒட்டிக் கிடந்தது. சாறு வழிந்து, விதைகள் பிதுங்கி வெளியே வந்திருந்தன. நான் சுவரிலிருந்து குதித்து நிமிர்ந்து நின்றேன்.

"முழுசா இருக்குது நைனா."

"கொஞ்சம் பின்னால வந்த மாதிரி இருந்துச்சே. நல்லா பாத்து சொல்லு."

"பாத்துட்டேன் நைனா. முழுசா இருக்குது." சல்யூட் வேறு அடித்தேன்.

"ஆங், சரி," என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். இத்தனை வருடம் ஓட்டிய தன் உடம்பு சொன்னதை விட்டுவிட்டு, பத்து வயதுப் பெண்ணின் வாயை அவர் நம்பினார். வெளியே நிற்கிறவன் சொன்னால் சொன்னதுதான். ஊரில் வேறு எந்த மனிதனும் இறங்கிவந்து ஒரு பார்வை பார்த்திருப்பான். பஸ் வந்து பழத்தின்மேல் ஏறிப் போனது. கார்க் கண்ணாடியில் மாமாவின் முகம் தெரிந்தது. வாயெல்லாம் பல்.

அன்று மத்தியானமே நைனா கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அம்மா பாயசம் வைத்து, அவருக்குத்தான் முதல் டம்ளர் கொடுத்தாள். மறுவாரம் நான் தாளாளர் மகளை எழுப்பிவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

ஒன்றரை மாதம் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் காலை, பள்ளிக்கு ஏறும் மேட்டில் மாடு குறுக்கே வந்து மாமா வேனை நிறுத்தினார். திரும்பக் கிளப்பியபோது வேன் பின்னால் போனது. போய்க்கொண்டே இருந்தது. மாமா என்னென்னவோ மிதித்தார். மின்கம்பத்தில் இடித்துத்தான் நின்றது. பின் கண்ணாடி நொறுங்கியது. கடைசி சீட்டில் இருந்த இரண்டாம் வகுப்புப் பெண்ணுக்குக் கை முறிந்தது. முன் சீட்டில் இருந்த எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அன்று மாலை தாளாளரும் அந்தப் பெண்ணின் அப்பாவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பின்னால் தெருவே வந்து நின்றது. நைனாவுக்குச் சால்வை போர்த்திய அதே கை அவர் முகத்துக்கு நேராக நீண்டது. "உங்க கையெழுத்த நம்பித்தான் புள்ளைங்கள ஏத்தி அனுப்பினேன். பாத்துதான் எழுதினீங்களா, இல்ல மச்சான்னு எழுதிக் குடுத்துட்டீங்களா?"

மாமா அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவும் பேசவில்லை. கூட்டத்தில் பெரியப்பாவும் இருந்தார். கையெழுத்துப் போடச் சொல்லித் தெரு கேட்கக் கத்திய வாயில் அன்றைக்குப் பூட்டு. அந்த மூன்று பேரையும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.

நைனா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. சும்மா பார்த்தார். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நானே எறங்கிப் போய் என் கண்ணால பாத்தேங்க," என்றார். "பழம் முழுசா இருந்துச்சு. அப்படித்தான் எனக்குத் தெரிஞ்சுது. தப்பு என்னுதுதான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் இறங்கவே இல்லையே. கூட்டாதே, குறைக்காதே என்று என்னைப் பழக்கிய மனிதர், ஊர் நடுவில் நின்று பொய் சொல்கிறாரே. நைனாவும் பொய் சொல்வார் என்று தெரிந்ததில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

பிறகு அந்தப் பள்ளிக்கு யாரும் வரவில்லை. அந்த வருடச் சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற வேறு யாரையோ கூப்பிட்டார்கள். கார் போனது, போர்டு இறங்கியது. பெரியப்பா, "அப்பவே சொன்னேன்," என்று சொல்லிக்கொண்டே ஆளைப் பிடித்து மெட்ராஸில் ஒரு ஏடிஎம் வாசலை வாங்கிக் கொடுத்தார். நைனா விடியற்காலை ரயிலில், தனக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஒரு நீலச் சட்டையில் போய்வர ஆரம்பித்தார். மாமா இப்போது திருப்பதிக்கு வேன் ஓட்டுகிறார். நன்றாகவே ஓட்டுகிறார். மேட்டில் வண்டி எடுக்க அவருக்கு ஊர் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது. நைனாவுக்கு அதைக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நீலச் சட்டை வந்த பிறகும் வீட்டு வாசலில் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். நைனா உள்ளே இருந்தால் தானே எழுந்து வந்து யார் என்று பார்த்துவிட்டுப் போவார். அந்த மேட்டில் கேட்டதற்குப் பிறகு ஒருமுறைகூட அவர் என்னிடம் ரிப்போர்ட் கேட்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டேன், இனிமேல் எதற்கு இந்தச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று விட்டுவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன்.