மற்றவன் வாய்க்கு வாங்கியது

சமாதானம் என்று பெயர் வைத்து ஊரே கொஞ்சம் மூச்சு விட்ட காலத்தில் எங்கள் கடலுக்கு ஒரு வெள்ளைக்காரன் வந்து சேர்ந்தான். மூக்குத் தோல் உரிந்து, கையில் எந்நேரமும் ஒரு பட்டியலோடு திரிவான். ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பலைப் பார்க்க உல்லாசப் பயணிகளை இறக்கப் போகிறானாம். அதற்கு உள்ளூர்ச் சுழியோடிகள் வேண்டுமாம். ஆனால் முதலில் அவனிடம் ‘டெக்னிக்கல் டைவிங்’ என்றொரு படிப்புப் படித்துத் தேற வேண்டுமாம். கடற்படை அனுமதி தந்த நாளெல்லாம் கடலட்டை பிடிக்கச் சுழியோடியவன் நான். எனக்கு மூச்சு விடப் படிப்பிக்க வந்தவன் அவன்.

சிரித்தேன். ஆனாலும் போனேன். காரணம் என் இடது கால். வாழைச்சேனைப் படகுகளில் ஒரே நாளில் ஐந்தாறு சிலிண்டர் முடித்து, அவசரமாக மேலே வந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி செத்துப் படுக்கையில் கிடந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். அந்த வருடம் எனக்கும் பின்னேரங்களில் கால் மரத்துப்போகத் தொடங்கியிருந்தது. மனைவிக்குச் சொல்லவில்லை. கப்பல் வேலை கிடைத்தால் நாளைக்கு ஒரு தரம் இறங்கி, ஆறுதலாக ஏறலாம். அந்த வேலை எனக்கு வேண்டும்.

வெள்ளைக்காரனுக்கு எல்லாமே இரண்டு இரண்டாக வேண்டும். இரண்டு சிலிண்டர், இரண்டு விளக்கு, இரண்டு கத்தி. சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்றுக் கொண்டுவருகிற ரெகுலேற்றரும் இரண்டு. ஒன்று மூச்சு விட, மற்றது ஆபத்துக்கு. ஊரைவிட்டு வெளிக்கிடும்போது பெண்சாதியும் இரண்டாக வேண்டுமென்பானோ என்று படகில் சொல்லிச் சிரித்தோம்.

ஆபத்துக்கென்று ஒரு ரெகுலேற்றர் எங்கள் படகுகளிலும் இருந்ததுதான். படகின் முன்பக்க அணியத்தில் கயிற்றோடு கயிறாக உப்புப் பூத்துக் கிடக்கும். யாருடையதாவது பழுதானால் அவன் வாய்க்கு அதைக் கொடுப்போம். அது மற்றவனுக்கானது. ஆகவே அதை யாரும் கழுவியதில்லை. இந்த வழக்கத்தோடுதான் நான், கையிலிருந்த பழையதை என் வாய்க்கு வைத்துக்கொண்டு, ஆபத்துக்கு ஒரு ரெகுலேற்றர் வாங்கக் கொழும்புக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரன் தொப்பையும் கண்ணாடியுமாக ஒரு ஆள். நான் மலிவான ஒன்றைக் கையில் எடுத்ததும் முகத்தைச் சுளித்தான். இது படகின் அடி சுரண்டுகிறவர்களுக்கு, ஆழம் போகப் போக மூச்சு இழுக்க ஏலாது, அதோ அதை எடுங்கள் என்று மூன்று மடங்கு விலையான ஒன்றைக் காட்டினான். எனக்கா காது குத்துகிறான்? விலை கூடியதை விற்க எல்லாக் கடைக்காரனும் பாடும் பாட்டுத்தானே. என்னோடு இறங்கப் போகிறவன் என் மனைவியின் தம்பி. இந்தச் சாமான் போவதானால் அவன் வாய்க்குத்தான் போகும். அவன் வாய்க்கு இது காணும், இதற்கு மேல் வேண்டாம் என்று மலிவானதையே கட்டித் தரச் சொன்னேன். இப்படித்தான் நினைத்தேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை.

வந்து வாவியில் இடுப்பளவு தண்ணீரில் குந்தியிருந்து இழுத்துப் பார்த்தேன். காற்று அருமையாக வந்தது. கடைக்காரனை நினைத்துத் தண்ணீருக்குள்ளேயே சிரித்தேன்.

மச்சினனோ ஒரு மாதமாகப் பெண் பார்ப்பது போல ரெகுலேற்றர் பார்த்துக்கொண்டிருந்தான். சித்தாண்டியில் ஒருவனைக் கேட்பான், கல்குடாவில் ஒருவனைக் கேட்பான். கடைசியில் வளைகுடாவிலிருந்து திரும்பிய ஒருவன் மூலம் ஒன்றை எடுப்பித்தான். நல்ல கனமான சாமான். அதை ஆபத்துக்கென்று வைத்துவிட்டுத் தன் வாய்க்குத் தன் பழைய ரெகுலேற்றரையே பூட்டியிருந்தான். இந்த மடையனுக்கு எப்போதுதான் புத்தி வருமோ என்று மனைவியிடம் சொன்னேன்.

கடைசிப் பரீட்சையன்று காலை கடற்கரையில் வெள்ளைக்காரன் எங்களை வட்டமாக இருத்தினான். கூட்டாளிக்குக் காற்று முடிந்தால் எந்த ரெகுலேற்றரைக் கொடுப்பீர்கள் என்று கேட்டான். எல்லோரும் ஆபத்துக்கு வைத்ததைக் காட்டினோம். அவன் தலையை ஆட்டினான். காற்றில்லாதவனுக்கு நம்பிக்கையான சாமான் வேண்டும். அந்த நேரம் வேலை செய்வது நிச்சயமாகத் தெரிந்தது உன் வாயில் இருப்பதுதான், அதைக் கொடு. ஆபத்துக்கு வைத்ததை நீ கவ்விக்கொள் என்றான்.

எப்படி மாற்றிப் பூட்டினாலும் அந்த மலிவுச் சாமான் இனி என் வாய்க்குத்தான் வரும். வெள்ளைக்காரன் அதைப் புரட்டிப் பார்த்து, தண்ணீரில் பரீட்சித்தாயா என்று கேட்டான். ஓம் என்றேன். எவ்வளவு தண்ணீரில் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மச்சினன் ஸ்பனர் ஒன்றை இரவல் வாங்கி, மணலில் முழங்காலிட்டு, தன் நல்ல ரெகுலேற்றரை வாய்க்கும் பழையதை ஆபத்துக்கும் மாற்றிக்கொண்டிருந்தான். பார், இப்போதுதான் தன் வாயைப் பற்றிய நினைப்பு வந்திருக்கிறது என்று மனதுக்குள் நக்கலடித்தேன்.

முப்பது மீற்றரில் வெள்ளைக்காரன் சைகை காட்டினான். மச்சினன் தன் வாயிலிருந்ததை விட்டுவிட்டு, காற்று முடிந்ததாகக் கையால் கழுத்தை வெட்டுவது போலக் காட்டினான். நான் என் வாயிலிருந்ததைக் கொடுத்துவிட்டு மலிவானதைக் கவ்வினேன். ஈரத் துணிக்குள்ளால் தயிரை உறிஞ்சுவது போல இருந்தது. இழுக்க இழுக்கப் பாதி மூச்சுத்தான் வந்தது. கடைக்காரன் சொன்னது சொல்லுக்குச் சொல் நினைவு வந்தது. எனக்குப் பயம், சாவுப் பயம். மேலே பாய்ந்துவிட உதைத்தேன்.

மச்சினன் என் காலைப் பிடித்து இழுத்தான். தன் நல்ல ரெகுலேற்றரை என் வாய்க்குள் திணித்தான். காற்று தானாக வந்து நிறைந்தது. என் சாமான் அவன் வாயிலும் அவன் சாமான் என் வாயிலுமாக, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி மெதுவாக மேலே வந்தோம்.

கரையில் வெள்ளைக்காரன் பட்டியலில் மச்சினன் பெயருக்குச் சரி போட்டான். என்னை மாரி மழை கழிய நல்ல ரெகுலேற்றரோடு வரச் சொன்னான். மாரி கழியப் படிப்பும் இல்லை, வெள்ளைக்காரனும் இல்லை, சண்டை திரும்பிவிட்டது. மச்சினன் அந்தக் கொஞ்ச நாளாவது கப்பலுக்குப் போனான். நான் மரத்த காலோடு கடலட்டைக்குப் போனேன்.

பரீட்சை முடிந்த அன்று வீட்டுக்கு வரும்போது அவனிடம் கேட்டேன், நல்லதை முதலிலேயே வாயில் பூட்டாமல் ஏன் வைத்திருந்தாய் என்று.

“என்ட வாய்க்குப் பழசு காணும் மச்சான். ஆபத்தெண்டா மத்தது உங்கட வாய்க்கெல்லோ வரும்? வாயில இருக்கிறதத்தான் குடுக்கணும் எண்டு அவர் சொன்னவுடன, அதான் மாத்திப் பூட்டின நான்.”

சைக்கிளைக் கொஞ்ச தூரம் உருட்டியபின் அவனே தொடங்கினான்.

“அந்தக் கொழும்புக் கடைக்காரன் உங்கள நல்லா ஏமாத்திப்போட்டான் மச்சான்.”

“ஓம்” என்றேன்.

வீடு வரும்வரை அவன் அந்தக் கடைக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தான். நானும் சேர்ந்து திட்டினேன்.